புழக்கடைக்குத் தளம் அமைத்தல்

வீடு கட்டுகிறவர்கள் கூடத்துக்கும் பூஜையறைக்கும் இன்ன கல், இன்ன வர்ணம் என்று நாட்கணக்கில் யோசித்துவிட்டு, பின்புறத்துக்கு வரும்போது பணமும் பொறுமையும் ஒருசேரத் தீர்ந்துபோன நிலையில், மிஞ்சிய சிமென்டையும் ஜல்லியையும் கலந்து கொட்டி, இது போதும் என்று கொத்தனாரை அனுப்பிவைப்பது நம் நாட்டில் பெருவழக்கு. ஆனால் பாத்திரம் துலக்குவதும், துணி துவைப்பதும், கேழ்வரகையும் புளியையும் உலர்த்துவதும், வெயில் தாழ்ந்த பிறகு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காற்று வாங்குவதும் அந்தப் புழக்கடையில்தான். கூரையின் துணையின்றி வெயிலையும் மழையையும் நேருக்கு நேர் தாங்கவேண்டியதும் அந்தத் தளம்தான். ஆகவே, வீட்டுத் தளங்கள் அனைத்திலும் அதிக ஆராய்ச்சிக்கு உரியது புழக்கடைத் தளமே என்பது என் துணிபு.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை, தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி மறைந்த ஊர் என்று தமிழ்நாடு அறியும். தளம் அமைக்கும் விஷயத்தை ஆராயவும் அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏனெனில் அங்கே கல்லும், வெயிலும், புளியும், நிலத்தடி நீரைப் பற்றிய கவலையும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அவ்வூரைச் சூழ்ந்த பிரதேசத்தின் அடித்தளம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவான பாறைகளால் ஆனது. வரிவரியாக வெளுப்பும் கறுப்பும் கலந்து தோன்றும் நைஸ் என்னும் பாறையும், சென்னைக்கு அருகே பல்லாவரத்துக் குன்றுகளிலும் காணப்படுகிற சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறையும், இவற்றின் பிளவுகளுக்குள் பிற்காலத்தில் கீழிருந்து குழம்பாக ஏறி உறைந்த டோலரைட் என்னும் கரும்பாறைச் சுவர்களும் இங்கு உண்டு. நைஸும் சார்னோக்கைட்டும் ஊர்வழக்கில் கருங்கல். டோலரைட்டை மெருகேற்றி விற்கும்போது அது வியாபாரிகளின் வாயில் கறுப்பு கிரானைட் ஆகிவிடுகிறது.

இந்தக் கற்களின் ஆயுளைப் பற்றி யாருக்கேனும் ஐயம் இருந்தால், தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்துவரலாம். ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த வீரர்களுக்காக ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் வெட்டவெளியில் நாட்டப்பட்ட அவற்றில், வில்லேந்திய கையின் வளைவும் வட்டெழுத்தின் சுழியும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. நகத்தால் கீறக்கூடிய டால்க் கனிமத்துக்கு 1 என்றும் வைரத்துக்கு 10 என்றும் கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில், கருங்கல்லின் முக்கிய அங்கமான ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. நம் காலில் ஒட்டிவரும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸே ஆகையால், அதைவிட மெலிந்த எந்தத் தளமும் நடக்க நடக்கத் தேயும். கருங்கல் மட்டும் அந்த மணலுக்கு ஏறத்தாழச் சமமாக நின்று தாக்குப்பிடிக்கிறது.

இவ்வளவு கடினமான பாறையிலிருந்து, வெடிமருந்தும் இயந்திரமும் இல்லாத காலத்தில், பலகை பலகையாகக் கல்லைப் பெயர்த்தவர்கள் எப்படிப் பெயர்த்தார்கள் என்பது அறியத்தக்கது. பெங்களூர்ப் பக்கத்தில் அந்நாளில் வழங்கிய முறையை நேரில் கண்ட வார்த் என்பவர், 1895ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அதை வர்ணித்திருக்கிறார். பாறையின்மேல் விறகை நீள்வரிசையாக அடுக்கித் தீமூட்டி, கீழே பாறை விட்டுக்கொடுத்துவிட்டதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசை மாறியவுடன் நெருப்பை அடுத்த இடத்துக்கு நகர்த்தி, இப்படியே தொடர்ந்து 740 சதுர அடிப் பரப்பும் சராசரி 5 அங்குலக் கனமும் உள்ள ஒரே பலகையை அங்கே பிரித்தெடுத்தார்கள்; எரிந்த விறகோ முக்கால் டன்தான். கல் தன் உட்புறத்துக்கு உஷ்ணத்தைக் கடத்துவதற்குக் காலம் பிடிக்கிறது. அதற்குள் மேற்பரப்பு சூடேறி விரிந்துவிடுகிறது. விரிந்த மேலடுக்கும் விரியாத கீழடுக்கும் ஒன்றோடொன்று பொருதி, தரைக்கு இணையாக ஒரு பிளவு ஓடுகிறது. பௌதிக நூலைப் படிக்காத தொழிலாளர்கள் பாறையின் சுபாவத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள்.

அந்த உஷ்ணமே புழக்கடைத் தளத்துக்கு முதற் பரீட்சை. சித்திரை மாத உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஏறக்குறைய 1,000 வாட் சூரிய சக்தி விழுகிறது. மெருகேற்றிய கறுப்புக் கல் அதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு பாதிக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். சிமென்டும் வெளிறிய நைஸும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆகவே மாளிகையின் உள்ளே அழகாயிருக்கும் கறுப்பு கிரானைட்டைத் திறந்தவெளியில் பரப்புகிறவர், வருஷத்தில் நான்கு மாதங்களுக்குக் கால் வைக்க முடியாத ஒரு தளத்தை விலை கொடுத்து வாங்குகிறார்.

ஆனால் தளம் எத்தனை டிகிரி சூடாயிருக்கிறது என்பது ஒன்று, அந்தச் சூடு நம் பாதத்தை எவ்வளவு தாக்குகிறது என்பது மற்றொன்று. கருங்கல்லும் செங்கல்லும் ஒரே வெயிலில் கிடந்து, இரண்டும் சரியாக 55 டிகிரி செல்சியஸை எட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 34 டிகிரியில் உள்ள வெறும் பாதத்தை முதலில் ஒன்றின்மேலும் பிறகு மற்றொன்றின்மேலும் வைப்போம். கால் படும் அந்தக் கணத்தில் தோலும் தளமும் சந்திக்கும் இடத்தின் உஷ்ணநிலை, இவற்றுள் எது அதிக வேகத்தில் வெப்பத்தைக் கொண்டுவந்து தரவல்லதோ அதன் பக்கமாகச் சாயும். கல்லின் அடர்த்தியும், வெப்பத்தைக் கொள்ளும் திறனும், கடத்தும் திறனும் சேர்ந்து நிர்ணயிக்கும் இந்தக் குணம், கருங்கல்லில் செங்கல்லைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கணக்கிட்டுப் பார்த்தால் கருங்கல்லின்மேல் பாதம் உணரும் சூடு சுமார் 48 டிகிரி. செங்கல்லின்மேல் 43 அல்லது 44 டிகிரிதான். ஐந்து டிகிரி வித்தியாசம் சிறிதெனத் தோன்றினாலும், பொறுத்துக்கொண்டு நடப்பதற்கும் பதறிக் காலைத் தூக்குவதற்கும் இடையேயுள்ள எல்லை அந்த ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. காய்ந்த மண் செங்கல்லினும் மந்தமானது. வெறுங்காலுடன் களத்தில் நாளெல்லாம் வேலைசெய்த நம் முன்னோர் மண்ணைச் சாணத்தால் மெழுகிக் களம் அமைத்துக்கொண்டதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

பகலில் வாங்கிய வெப்பத்தைக் கல் இரவில் திருப்பித் தருகிறது என்பதையும் மறத்தலாகாது. 5 சென்டிமீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை ஒரு சதுர மீட்டருக்கு 135 கிலோ எடை இருக்கும். அது 20 டிகிரி குளிர்வதற்குள் 2,000 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை வெளியிடும். கட்டிலில் படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே நள்ளிரவு வரை எழும் அனல் இதுவே. இதற்கு மருந்தும் நம்மிடம் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் மாலையில் தெளிக்கும் நீர், தங்கி நின்று முழுவதும் ஆவியானால், அந்தப் பலகையின் பகல் சூடு அனைத்தையும் வாங்கிக்கொண்டு போகப் போதுமானது. தங்கி நிற்கவேண்டும் என்பதுதான் இதில் உயிர்நிலை. மெருகேறிய கல்லில் நீர் வழிந்தோடிவிடுகிறது. கொத்திய சொரசொரப்பிலும், செங்கல்லின் நுண்துளைகளிலும், கற்களுக்கு இடையேயுள்ள மணல் சந்துகளிலும் அது தங்குகிறது.

அடுத்த பரீட்சை தருமபுரிக்கே உரியது. தை, மாசி தொடங்கிச் சித்திரை வரையில் அந்த மாவட்டத்துப் புழக்கடைகளிலும் களங்களிலும் புளி வந்து குவிகிறது. பெண்கள் வட்டமாக அமர்ந்து ஓடு நீக்கி, நாரை உருவி, கொட்டை தட்டி எடுக்கும்போது, சதையின் பிசுபிசுப்பு தளத்தில் ஒட்டத்தான் செய்யும். அந்தச் சதையில் டார்ட்டாரிக் அமிலம் மிகுதி. எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. உலர்ந்திருக்கும் வரையில் அதனால் ஆபத்தில்லை. பனியோ, கழுவிய நீரோ பட்டுக் கரையும்போதுதான் அது வேலையைத் தொடங்குகிறது. ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பாக் கல், கறுப்பாக இருப்பதாலும் மலிவாகக் கிடைப்பதாலும் கருங்கல்லுக்குத் தம்பிபோல் எண்ணப்படுகிறதெனினும், அதன் குலமே வேறு. அது சுண்ணாம்புக் கல், கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரியமில வாயுவை விட்டுக் கரைகிறது. கடினத்திலும் அதன் கனிமம் 3ஆம் படியைத் தாண்டுவதில்லை. படிவு படிவாகச் சேர்ந்து உருவானது ஆகையால் வெட்டவெளியில் நாளடைவில் அடுக்கடுக்காகப் பெயரவும் செய்கிறது. சிமென்டிலும் அமிலத்துக்கு இரையாகும் கால்சியம் சேர்மங்கள் உள்ளமையால், புளி கழுவிய நீர் வழக்கமாக ஓடும் இடத்தில் மேல்பூச்சு அரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் மணல் பல்லிளிக்கிறது. கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சிலிக்கேட், சிலிக்கா இனத்தவை. புளியின் அமிலத்துக்கு அவை அசைவதில்லை.

கல் வாங்கப் போகிறவர் இதைக் கடையிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். கையோடு ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சென்று, மெருகேறாத அடிப்பக்கத்தை ஆணியால் சற்றுக் கீறி, அந்தக் கீறலில் இரண்டு சொட்டுச் சாற்றை விட்டுக் கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். நுண்ணிய குமிழிகள் எழுந்து கீறலின் ஓரம் வெளிறினால் அது சுண்ணாம்புக் கல். ஆணி கல்லைக் கீறாமல், கல்லின்மேல் தன் இரும்பையே சாம்பல் நிறக் கோடாக விட்டுச் சென்று, சாறும் சலனமின்றிக் கிடந்தால், அது கருங்கல் இனம் என்று நம்பி வாங்கலாம்.

வழுக்கும் விஷயத்தில் கருங்கல்லின்மேல் சொல்லப்படும் பழி, உண்மையில் மெருகின்மேல் சுமத்தவேண்டிய பழி. கண்ணாடிபோல் இழைத்த பரப்பில் நீர் ஒரு மெல்லிய படலமாக நின்று பாதத்தைக் கல்லோடு தொடவிடாமல் தடுக்கிறது. ஐப்பசி மழையில் பாசி பிடித்தால் முதியோருக்கு அது பெரும் அபாயம். உளியால் கொத்திய கல்லிலும், நெருப்புச் சுவாலையால் பொரித்த கல்லிலும் இந்தத் தொல்லை குறைவு. பொரிப்பது எப்படியெனில், குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரிகிறது. அப்போது மேற்பரப்பின் சிறு துணுக்குகள் தெறித்து விழுந்து, கால் பற்றும் கரடு உண்டாகிறது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமென நான் கருதும் பரீட்சைக்கு வருவோம், அது மழை. தருமபுரி மாவட்டத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஒரு சென்ட் நிலம் 435.6 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதன்மேல் ஓராண்டில் விழும் நீர் 34,000 லிட்டருக்குக் குறையாது. இடைவெளியின்றிச் சிமென்ட் பூசிய தளம் இதில் மிகப் பெரும் பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. செம்மண் நிலத்தில், கீழே விரிசல் விட்ட கடினப் பாறை உள்ள பிரதேசத்தில், நிலத்தடி நீர் என்பது அந்த விரிசல்களில் தேங்கும் கொஞ்ச நீர்தான். மேலே மூடினால் கீழே வற்றும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டுவதில்லை.

தருமபுரியில் இந்தப் பிரச்சினை அளவைப் பற்றியது மட்டுமன்று, தன்மையையும் பற்றியது. நம் தளத்துக்கு உறுதியைத் தரும் அதே பாறைகளில் பயோட்டைட், ஹார்ன்பிளண்ட், அப்படைட் முதலிய கனிமங்கள் உண்டு. அவற்றில் ஃபுளோரின் கலந்திருக்கிறது. பாறை விரிசல்களில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரை ஆண்டாண்டாகக் குடித்தவர்களுக்குப் பற்களில் காவிக் கறையும், மேலும் மிகுந்தால் எலும்பு மூட்டுகளில் இறுக்கமும் உண்டாகின்றன. காவிரி நீரைக் கொண்டுவந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை இக்கொடுமையிலிருந்து காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் பயனுக்கு வந்தது. அரசாங்கம் ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவருவது ஒரு புறம் இருக்க, வானம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொட்டும் நீரை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. மழைநீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லத்தக்க அளவுக்கு அற்பம். அது இறங்கிக் கலந்தால் கீழேயுள்ள நீரின் செறிவு குறையும். ஒரு புழக்கடையால் ஓர் ஊரின் கிணறுகள் திருந்திவிடா. ஆயினும் எல்லாப் புழக்கடைகளும் மூடப்பட்டால் ஊருக்கு என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பொறுப்பு விளங்கும். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியது. கூரைக்கு விதித்த அந்தக் கடமை தளத்துக்கும் உண்டு என்று நாமாகவே விதித்துக்கொள்வதில் தவறென்ன?

இப்போது பரவலாக வழங்கும் பேவர் பிளாக் இதற்குச் சரியான விடையாகுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கட்டைகள் தாமே நீரை விடுவதில்லை. அவற்றின் சந்துகள்தான் விடும். ஜல்லிப் படுகையும் மணல் படுகையும் இட்டு, சந்துகளை மணலால் மட்டும் நிரப்பினால் அவை நன்மையே செய்யும். கீழே கான்கிரீட்டைக் கொட்டி, மேலே சந்துகளையும் சிமென்டால் அடைத்தால், அது சித்திர வேலைப்பாடு செய்த சிமென்ட் தளமேயன்றி வேறல்ல. ஒரே பாளமாக இட்ட சிமென்டுக்கு மற்றொரு குறையும் உண்டு: உலரும்போது சுருங்குவதோடு, 5 மீட்டர் நீளமுள்ள பாளம் 35 டிகிரி ஏற்றத்தாழ்வில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு குறுகுகிறது, அந்த அசைவுக்கு நாம் இடைவெளி விடாவிட்டால், அது தானே வெடித்து இடம் தேடிக்கொள்கிறது. துண்டு துண்டான கற்களோ, ஒவ்வொரு சந்திலும் அந்த அசைவைப் பங்கிட்டுக்கொள்வதால் வெடிப்பதில்லை.

எந்தக் கல்லானாலும் அதன் ஆயுள் படுகையைப் பொறுத்தது. வளமான மேல்மண்ணை வழித்து மரங்களுக்கு இட்டுவிட்டு, ஒரு சாணுக்குக் குறையாமல் தோண்டி, அடிமண்ணைச் சற்று ஈரமாக்கித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 10 சென்டிமீட்டர் ஜல்லியும், அதற்கு மேல் 3 அல்லது 4 சென்டிமீட்டர் பருமணலோ எம்-சாண்டோ பரப்பி, கற்களை விரலளவு சந்து விட்டுப் பதிக்கவேண்டும். 80 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும் வாட்டம் இருந்தால்தான், பெருமழையில் இறங்காத மிச்ச நீர் அஸ்திவாரத்தை நாடாமல் மரத்தடியை நாடும்.

ஆகவே, பாப்பாரப்பட்டியில் தளம் அமைக்க நினைக்கும் ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், புழக்கடை முழுவதற்கும் ஒரே வஸ்துவைத் தேடவேண்டாம் என்றே முதலில் சொல்வேன். சோப்பு நீரும் அழுக்கும் சேரும் துவைகல், துலக்குமிடம் ஆகியவற்றின் கீழே சிமென்ட் தளமே உசிதம். அந்தக் கழிவு கிணற்றை நோக்கி இறங்காமல், வாய்க்கால் கட்டி வாழைக்குப் போகட்டும். புளியும் தானியமும் காயும் இடத்துக்கும், நடமாடும் பாதைக்கும், அவ்வூர்ப் பக்கத்து வெளிறிய கருங்கல்லைக் கொத்திய பலகைகளாக வாங்கி, மணலில் பதிக்கட்டும். மாலையில் அமர்ந்து பேசும் இடத்தில் நன்றாகச் சுட்ட செங்கல்லைப் பாவி, மேற்கு வெயிலுக்கு எதிரே ஒரு புங்க மரத்தை வைத்துவிட்டால், வெயிலைப் பற்றிய கணக்குகளில் பாதி வேண்டாததாகிவிடும். எஞ்சிய நிலத்தை, குறைந்தது மூன்றில் ஒரு பங்கையேனும், மண்ணாகவே விட்டுவிடட்டும். தளம் என்பது நம் காலுக்காக நாம் இடுவது. நிலமோ நமக்குப் பின் அங்கே குடியிருக்கப்போகிறவர்களின் தண்ணீருக்கும் சேர்த்து உரியது. இரண்டின் உரிமையையும் காத்து அமைப்பதே நல்ல தளம். அதற்கு வேண்டிய கல்லையும் மணலையும் அறிவையும் அந்த மாவட்டம் தன்னிடத்திலேயே வைத்திருக்கிறது.